எல்லைக்கல் விழுந்த காணி: தடைக்கும் இழப்பீடு உண்டா?

வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளம் பக்கத்தில் காணி பற்றி எழும் கேள்விகளில் விடை சொல்லக் கடினமானது இது: “என் காணியை அரசாங்கம் எடுக்கவில்லை. ஆனால் அதற்குள் இறங்கவும் விடவில்லை. நஷ்டஈடு கேட்கலாமா?” சுவீகரிப்பு அறிவித்தல் எதுவும் வந்திருக்காது. வயலின் நடுவே வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கும். அல்லது மேட்டுக்காணியின் ஓரத்தில் தொல்லியல் திணைக்களத்தின் பலகை இருக்கும். உழப் போனால் வழக்கு, மரம் வெட்டினால் கைது என்று எச்சரிக்கை மட்டும் கிடைக்கும். இந்த அத்தியாயத்தின் விடை சுருக்கமானது. இலங்கைச் சட்டம் காணியை எடுப்பதற்குப் பணம் தருகிறது. காணியின் பயன்பாட்டைத் தடுப்பதற்குப் பொதுவாகத் தருவதில்லை. ஆகவே முதல் வேலை, தடை எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது, அதற்கு முன் காணி எப்படிப் பயன்பட்டது என்ற இரண்டையும் எழுத்தில் நிலைநாட்டுவது. அந்த இரண்டும் கையில் இருந்தால்தான் “காணியை விடுவியுங்கள், இல்லையேல் முறைப்படி சுவீகரித்து விலை கொடுங்கள்” என்று கேட்க முடியும்.

தடை வந்த வழி

வன்னியில் இந்தப் பிரச்சினை போரிலிருந்து பிறந்தது. பல தடவை இடம்பெயர்ந்த குடும்பங்களின் வயல்களும் தோட்டங்களும் பத்து, இருபது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. உலர் வலயத்தில் ஒரு வயலை அவ்வளவு காலம் விட்டால் அது காடாகிவிடும். 2009க்குப் பின் மக்கள் திரும்பியபோது, கமக்காரர் தம் வயலாகக் கண்ட நிலத்தைத் திணைக்களம் காடாகக் கண்டது. அயலிலுள்ள மன்னார் மாவட்டத்தின் முசலியில் நடந்தது இதற்குத் தெளிவான உதாரணம். அங்கிருந்த முஸ்லிம் மக்கள் 1990இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், 2012 ஒக்ரோபர் 10ஆம் திகதிய வர்த்தமானி மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, விலத்திக்குளம் பகுதிகளை ஒதுக்கக் காடுகளாக்கியது. 2017 மார்ச்சில் அப்பகுதிக் காடுகள் பல சேர்க்கப்பட்டு மாவில்லு பேணல் காடு என்று மீண்டும் அறிவிக்கப்பட்டன. செட்டிகுளத்துக்கு மேற்கே, மன்னார் வீதியிலுள்ள மடு வீதிச் சரணாலயம் 1968இல் அறிவிக்கப்பட்டு 2015இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்ந்தது. இந்த அறிவித்தல்கள் எவையும் தம்மளவில் தவறானவை அல்ல. ஆனால் கோடு கீறுமுன் அந்த நிலத்தில் யாருக்கு என்ன உரிமை இருந்தது என்று ஒவ்வொரு கிராமத்திலும் விசாரிக்காவிட்டால், ஊரில் இல்லாதவர்களின் உரிமை சத்தமில்லாமல் அழிந்துவிடும்.

நிலத்தைக் காடு என்றோ குடியிருப்பு என்றோ முடிவுசெய்வது இயற்கை மட்டும் அல்ல, அரசாங்கத்தின் தேவையும்தான் என்பதற்குச் செட்டிகுளமே சாட்சி. 2008, 2009இல் மெனிக்பாம் முகாமுக்காக இந்தப் பிரதேசத்தில் பெருமளவு காட்டு நிலம் துப்புரவாக்கப்பட்டது. கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெயரிடப்பட்ட வலயங்களில் போரால் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கவைக்கப்பட்டனர். 2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியவர்களில் முல்லைத்தீவின் கேப்பாபுலவு மக்களும் இருந்தனர். தம் காணியில் படைமுகாம் இருந்ததால் அவர்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். ஒரே அரசாங்கம் தன் தேவைக்குக் காட்டை நிலமாக்கவும், மக்கள் திரும்பும்போது நிலத்தைக் காடாக வாசிக்கவும் முடியுமென்றால், அந்த வாசிப்பைச் சான்றோடு கேள்வி கேட்கும் உரிமை கமக்காரருக்கு இருந்தே ஆகவேண்டும்.

சட்டம் எங்கே பணம் தருகிறது?

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் சொத்துரிமை அடிப்படை உரிமையாக இல்லை. இந்தியாவும் 1978இல் 44ஆவது திருத்தத்தின் மூலம் அதை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் சட்டத்தின் அதிகாரமின்றி எவரது சொத்தையும் பறிக்கக்கூடாது என்ற 300அ உறுப்புரையை வைத்துக்கொண்டது. நமது அரசியலமைப்பில் அந்த ஒரு வரியும் இல்லை. ஆகவே இழப்பீட்டுக்கான முதன்மை ஆதாரம் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம். அதன் படிகளைத் தெரிந்துகொள்வது அவசியம். 2ஆம் பிரிவு அறிவித்தல் ஆரம்ப ஆய்வுக்கானது. 4ஆம் பிரிவு அறிவித்தல் எடுக்கும் எண்ணத்தைச் சொல்லி ஆட்சேபனை கேட்கிறது. 5ஆம் பிரிவின் கீழ் காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என்று வர்த்தமானியில் பிரகடனம் வருகிறது. 7ஆம் பிரிவு அறிவித்தல் உரித்தாளர்களை உரிமையையும் இழப்பீட்டுக் கோரிக்கையையும் எழுத்தில் தரச் சொல்கிறது. விசாரணை நாளுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன் அது அதிகாரியிடம் சேரவேண்டும். தீர்ப்புத் தொகை போதாதென்றால் 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். 45ஆம் பிரிவின்படி விலை என்பது, விற்க விரும்பும் ஒருவர் திறந்த சந்தையில் 7ஆம் பிரிவு அறிவித்தல் வெளியான நாளில் பெறக்கூடிய தொகை. காணி துண்டாக்கப்படுவதால் மிச்சத்துக்கு வரும் நட்டத்தையும், வசிப்பும் தொழிலும் குலைவதால் வரும் இழப்பையும் தனித்தனியே கோரலாம்.

இந்தச் சட்டம் மக்களுக்கு அச்சத்தைத் தந்த சட்டமும்கூட. 2013 ஏப்ரிலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உரித்தாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றனர். அவர்களால் செல்ல முடிந்ததற்குக் காரணம், அங்கே எதிர்ப்பதற்கு ஓர் அறிவித்தல் இருந்ததுதான். அதில் ஒரு பிரிவும் ஒரு நோக்கமும் எழுதப்பட்டிருந்தன. மனேல் பெர்னாண்டோ வழக்கில் உயர் நீதிமன்றம், 2ஆம் பிரிவு அறிவித்தலிலேயே பொதுத் தேவை என்ன என்பது வெளிப்படுத்தப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. சுவீகரிப்பு கொடியதாகத் தோன்றினாலும் அது பேச்சுக்கு இடம் தரும் நடைமுறை. எல்லைக்கல்லுக்கு அப்படி ஒரு நடைமுறை இல்லை. வன்னிக் கமக்காரரின் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சுவீகரிக்கப்பட்ட காணி பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அதை மீட்க 39அ பிரிவு வழி தருகிறது. அதற்கு நான்கு நிபந்தனைகள்: இழப்பீடு கொடுக்கப்பட்டிருக்கக்கூடாது, காணி பொதுத் தேவைக்குப் பயன்பட்டிருக்கக்கூடாது, அதில் அபிவிருத்தி செய்யப்பட்டிருக்கக்கூடாது, உரித்தாளர் திரும்ப ஏற்க எழுத்தில் சம்மதிக்க வேண்டும். முதல் நிபந்தனையை மறக்கவேண்டாம். காணியே வேண்டும் என்றால், காசோலையை வாங்குமுன் சட்டத்தரணியிடம் பேசுங்கள். வாங்கியபின் இந்தக் கதவு மூடிவிடும்.

உங்கள் காணி எந்த வகை?

சட்டத்தின் முன் எல்லாக் காணியும் ஒன்றல்ல. உறுதிக் காணி தனியார் காணி; அதை எடுப்பதென்றால் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே எடுக்கவேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அளிப்புப் பத்திரம் பெற்றவர், கைமாற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் இருந்தாலும், உரிமையாளர் என்ற நிலையில் பேசலாம். பேர்மிட் மட்டும் உள்ளவரின் நிலை நடுத்தரமானது: நிலம் அரசினது, ஆனால் பயிரிடவும் வாரிசுக்கு விடவும் எழுத்தில் அனுமதி உண்டு. அந்த வாரிசுரிமையில் ஆண் பிள்ளைக்கு இருந்த முன்னுரிமையை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கியிருப்பதால், முன்பு ஒதுக்கப்பட்ட மகள்மார் தம் நிலையை மறுபடி விசாரிக்கவேண்டும். நான்காவது வகை, ஆட்சி மட்டும் உள்ளவர்கள். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா மாவட்டத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் பலர் இன்றும் இந்த நிலையில் இருக்கிறார்கள். சட்டத்தில் மிகப் பலவீனமானவர்கள் இவர்களே.

பலவீனம் எவ்வளவு என்பதை 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி உடைமை மீட்புச் சட்டம் காட்டுகிறது. வெளியேறும்படி அறிவித்தல் தந்து, பின் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால், அங்கே நீங்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்று: செல்லுபடியான பேர்மிட்டோ அரசின் எழுத்து அதிகாரமோ என்னிடம் இருக்கிறது என்பது. நாற்பது ஆண்டுகள் உழுதேன் என்பது அந்த நீதிமன்றத்தில் பதிலாகாது. காணி தன்னுடையது என்று சொல்பவர், வெளியேற்றக் கட்டளையிலிருந்து 6 மாதங்களுக்குள் அரசுக்கு எதிராக உரித்து வழக்குத் தொடரலாம். வென்றால் நியாயமான இழப்பீடும் பெறலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். அரச காணி தொடர்பான வெளியேற்ற அறிவித்தலை எழுத்தாணை கேட்டு எதிர்ப்பதற்கு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2013இல் சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. வவுனியாவில் வழக்குப் போட்டுக் காலத்தை இழக்காமல் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தையே நாடவேண்டும்.

முதலில் கேட்கவேண்டிய கடிதம்

தடை எதுவாயினும் முதல் நடவடிக்கை ஒரு கடிதம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சம்பந்தப்பட்ட திணைக்களத்திடம் நான்கு விடயங்களைக் கேளுங்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, வர்த்தமானி இலக்கமும் திகதியும், எல்லையைக் காட்டும் வரைபடம், அறிவிக்குமுன் நடந்த விசாரணைக் குறிப்பு. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லவேண்டும். பதில் மிகப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். வர்த்தமானியில் வந்த ஒதுக்கக் காடு என்றால், அதை மாற்ற இன்னொரு வர்த்தமானி தேவை. வர்த்தமானி இல்லாத ‘ஏனைய அரச காடு’ என்றால், அது 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் வனவளத் திணைக்களத்திடம் போனது. 2020 நவம்பரில் வந்த புதிய சுற்றறிக்கை அத்தகைய காடுகளின் பொறுப்பைப் பிரதேச, மாவட்டச் செயலாளர்களிடம் மாற்ற முயன்றது; சுற்றுச்சூழல் அமைப்புகள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. ஆகவே இன்று உங்கள் துண்டுக்கு எந்தச் சுற்றறிக்கை பொருந்துகிறது என்பதைப் பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

அடுத்தது முற்பயன்பாட்டுச் சான்று. நெற்காணி என்றால் கமநல சேவை நிலையத்தின் காணி இடாப்பு, ஏக்கர் வரி ரசீது, உர மானியப் பதிவு, கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பு ஆகியவை பலமானவை. ஒரு குளத்தின் கீழ் நீர் பெற்ற வயல் என்பதை அந்தக் குளத்தின் வாய்க்கால் வரைபடமே காட்டும். மேட்டுக்காணி என்றால் காணிக் கச்சேரிப் பதிவு, பழைய வாக்காளர் இடாப்பிலுள்ள முகவரி, பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், கிணற்றின் வயது, தென்னை, மா, புளியின் வயது எல்லாம் பேசும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குலப் படங்களும் விமானப் படங்களும் இன்றைய காட்டுக்கு அடியில் இருந்த வரம்புகளைக் காட்டக்கூடும். போரில் ஆவணம் இழந்தவர்கள் சத்தியக் கடதாசியோடு நிற்காமல், பிரதேச செயலகத்தின் பேர்மிட் பேரேட்டிலும் காணிப் பதிவகத்திலும் பிரதி கேட்கவேண்டும். போருக்குப் பிந்திய காணிப் பிரச்சினைகளுக்கான 2013/01 ஆம் இலக்கச் சுற்றறிக்கை, ஆவணம் தொலைந்த அரச காணி உரித்தாளர்களைக் கருத்திலெடுத்தே வெளியிடப்பட்டது. உங்கள் விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

வாய்வார்த்தை போதாது என்பதற்கு மன்னார்க் கல்லாறு பாடம். அங்கே இடம்பெயர்ந்தோரைக் குடியமர்த்த ஒதுக்கக் காடு துப்புரவாக்கப்பட்டது. சட்டப்படி அந்த நிலம் விடுவிக்கப்படவில்லை. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், பயன்படுத்தப்பட்ட காட்டுக்குச் சமமான பரப்பில் மரம் நடவும், அதன் செலவைக் குடியமர்த்திய காலத்தில் அமைச்சராக இருந்தவர் ஏற்கவும் கட்டளையிட்டது. “வெட்டுங்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்று எந்த அதிகாரியோ அரசியல்வாதியோ சொன்னாலும், வர்த்தமானி மாறாதவரை அந்த நிலத்தில் முதலிடாதீர்கள்.

எதிர்வாதங்களுக்குப் பதில்

முதலாவது எதிர்வாதம் வலிமையானது: ஒவ்வொரு தடைக்கும் பணம் கொடுத்தால் காட்டையும் குளத்தையும் எவராலும் காப்பாற்ற முடியாது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் இதை அனுபவித்தது. 2004இல் வாக்காளர்கள் ஏற்ற 37ஆம் இலக்க முன்மொழிவு, நிலப்பயன்பாட்டு விதியால் விலை குறைந்தால் இழப்பீடு அல்லது விலக்கு என்றது. ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் குவிந்தன. மூன்றே ஆண்டில், 2007இல், அதே வாக்காளர்கள் 49ஆம் இலக்க முன்மொழிவால் அதைக் குறுக்கினர். ஆகவே எல்லா விலைக்குறைவுக்கும் பணம் கேட்பது இந்த நூலின் நிலைப்பாடு அல்ல. நமது கமநல அபிவிருத்திச் சட்டம் நெல்வயலை அனுமதியின்றி நிரப்பத் தடை விதிக்கிறது. அதனால் வயல் சொந்தக்காரர் கடை கட்டி உழைக்கக்கூடிய பணத்தை இழக்கிறார். ஆனால் அவருடைய வயல் வயலாகவே அவர் கையில் இருக்கிறது. அந்தத் தடைக்கு இழப்பீடு கேட்பதில் நியாயம் குறைவு. நேற்றுவரை விளைந்த வயலில் இனி இறங்கவே கூடாது என்பது வேறு. நாளைய இலாபத்தைக் குறைப்பது ஒழுங்குபடுத்தல். இன்றைய பிழைப்பை முழுதாக நிறுத்துவது, பெயர் எதுவானாலும், எடுத்தல்.

இந்த வேறுபாட்டை மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது. ஸ்ரொக்ஹோமில் சில சொத்துகள் மீது சுவீகரிப்பு அனுமதியும் கட்டடத் தடையும் பல ஆண்டுகள், ஒன்றில் 23 ஆண்டுகள், தொங்கவிடப்பட்டன. ஒருபோதும் எடுக்கப்படாவிட்டாலும் அந்தச் சுமை உரிமையாளர் தலையில் அளவுக்கு மீறி விழுந்தது என்று 1982இல் ஸ்போரோங், லொன்றொத் வழக்கில் அந்த நீதிமன்றம் தீர்த்தது. 1967இல் கிரேக்கக் கடற்படை பிடித்த காணி தொடர்பான பாப்பமிகலோபுலோஸ் வழக்கில், முறைப்படி சுவீகரிக்காமலே நீண்டகாலம் பிடித்து வைத்திருப்பது சுவீகரிப்புக்குச் சமம் என்று 1993இல் சொன்னது. இத்தீர்ப்புகள் இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தமாட்டா. ஆனால் வாதத்துக்கு வலுச் சேர்க்கும்.

இரண்டாவது எதிர்வாதம்: பேர்மிட் காணி அரசின் காணிதானே, அரசு தன் காணிக்கே ஏன் பணம் தரவேண்டும்? 1935 முதல் அரசே உலர் வலயத்தில் காடு வெட்டிக் குடியேறச் சொல்லிப் பத்திரம் கொடுத்தது. அந்தப் பத்திரத்தை நம்பி ஒரு தலைமுறை கல் பொறுக்கி, வரம்பு கட்டி, கிணறு தோண்டியது. நிலம் அரசினதாகலாம், உழைப்பு அரசினது அல்ல. அமைச்சரவை 2001இல் ஏற்ற கட்டாய மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கையும், எழுத்தில் உரித்து இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. அது சட்டமல்ல, கொள்கை. எனினும் கடிதத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அரசு தன் கொள்கையையும் தான் கொடுத்த பத்திரத்தையும் மீறும்போது, சமத்துவம் பற்றிய 12(1) உறுப்புரையும் நியாயமான எதிர்பார்ப்புக் கோட்பாடும் உதவிக்கு வரும்.

மூன்றாவது எதிர்வாதம்: விட்டுப் போனவர்கள் உரிமை கேட்பது எப்படி? இதற்குப் பாராளுமன்றமே பதில் சொல்லிவிட்டது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுவின் நடவடிக்கையால் தம் உரிமையைத் தேட முடியாதவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை ஆட்சிக்காலமாக எண்ணக்கூடாது என்றது. வழக்குத் தொடரத் தரப்பட்ட இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. அது தனியாருக்கிடையிலான பிணக்குக்கே உரியது. ஆனால் அதன் கோட்பாடு பெரியது: போரால் ஊரில் இல்லாமை கைவிடுதல் ஆகாது. அயலவர் இந்த இல்லாமையால் ஆதாயம் பெறக்கூடாது என்று சொன்ன அரசு, தானும் அதனால் ஆதாயம் பெறக்கூடாது.

நான்காவது, புதிதாகக் காடு வெட்டுபவர்களும் இந்த வாதத்தின் பின்னால் ஒளிவார்கள் என்ற அச்சம். அது நியாயமான அச்சம். எப்பாவல வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், இயற்கை வளங்களுக்கு அரசு மக்களின் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்றது. அந்தப் பொறுப்பைக் கமக்காரர்களும் மதிக்கவேண்டும். அச்சத்துக்கு மருந்து விசாரணை: குறித்த திகதிக்கு முந்திய பயன்பாட்டை ஒவ்வொரு துண்டாகப் பரிசோதிப்பது. அப்படிப் பரிசோதித்தால் 1980களின் வயலும் நேற்று வெட்டிய காடும் வேறுவேறாகத் தெரியும். விசாரணையே இல்லாமல் கல் நடும்போதுதான் இரண்டும் ஒன்றாகின்றன.

காலக்கெடுவும் கூட்டுச் செயலும்

அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் இடவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அதன் விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் வராது. வவுனியாவிலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருப்பதால் இது கைக்கெட்டும் வழி. முறைப்பாட்டுப் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். கல் நாட்டப்பட்ட நாளன்றே படம் எடுத்து, கிராம அலுவலருக்கு எழுத்தில் அறிவிப்பதும் இதற்காகத்தான்.

தனிக் குடும்பத்தின் கடிதம் கோப்பில் தூங்கலாம். கமக்காரர் அமைப்பும் ஆலய, பள்ளிவாசல் பரிபாலன சபைகளும் சேர்ந்து ஒரு குளத்தின் கீழுள்ள எல்லாத் துண்டுகளையும் ஒரே அட்டவணையாகத் தரும் விண்ணப்பத்தைத் தட்டிக்கழிப்பது கடினம். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி வடக்கில் 5,900க்கும் அதிகமான ஏக்கருக்கு மூன்று மாதத்தில் உரிமை கோரும்படி அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பும் வழக்கும் அதே ஆண்டில் அதை மீளப்பெறச் செய்தன. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களின் காணிகள் அதில் இருந்தன, வவுனியா இல்லை. அடுத்த அறிவித்தல் எந்த மாவட்டத்துக்கு வந்தாலும், மூன்று மாதத்துக்குள் சான்று தேடத் தொடங்குவது காலம் கடந்த வேலை. இந்த மாதமே உங்கள் துண்டின் கோப்பைத் திறந்து, காணியின் வகை, தடையின் சட்டம், முற்பயன்பாட்டுச் சான்று என்ற மூன்று பகுதிகளையும் நிரப்புங்கள். விடுவிப்பு, மாற்றுக்காணி, இழப்பீடு எதைக் கேட்பதானாலும், அதற்கு அடிப்படையாக நிற்கப்போவது அந்தக் கோப்புத்தான்.